எந்த வாரேன்?

திருநகர், மதுரை
வியாழக்கிழமை

என் வீட்டுக்காரர் ஜெர்சன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரமும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோபமும் சொல்லி எஸ்தர் எழுதுவது. இங்கே நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்க மாட்டேன். போனை அணைத்துப் போட்டுவிட்டு தூத்துக்குடி அறையில் படுத்திருக்கும் மனிதர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த கள்ளிக்குடி ராஜபாண்டி அண்ணனும் சோணையம்மாள் அக்காவும் இப்போது உங்கள் எதிரில்தான் இருப்பார்கள். நீங்கள் எல்லாவற்றையும் கைகழுவிவிட்டது அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஆகவே முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு படியுங்கள். அவர்களை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன சொன்னீர்கள்? “எல்லாம் முடிஞ்சு போச்சு எஸ்தர். ரூமைக் காலி பண்ணிட்டு வாரேன். பழங்காநத்தத்துல பழைய வேலையிலயே சேந்துக்கிறேன்” என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் போன் அணைந்துவிட்டது. அன்றிலிருந்து எத்தனை முறை அழைத்தாலும் ஒரு பெண் குரல்தான் பதில் சொல்கிறது. கடிதத்தை அப்படி அணைத்து வைக்க முடியாது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை மெர்வின் அண்ணன் எனக்குப் போன் செய்தார். மீன் குளிரூட்டுக் கிடங்கு வைத்திருக்கிறாரே, அவரேதான். சோலார் மின்சாரப் பண்ணைக் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். மீதியை அவர் சொன்னார். கன்டெய்னர் யார்டு முதலாளி எல்லார் முன்னாலும் எழுந்து, “கள்ளிக்குடியில துண்டு துண்டா கெடக்கிற நிலம். அந்த ஆளுங்க கையெழுத்த நம்பி எவன் பணம் போடுவான்? மொத்தமா வாங்கிக் குடுத்தா நான் இருக்கேன், இல்லேன்னா இல்ல” என்றாராம். ‘அந்த ஆளுங்க’ என்று சொன்னபோது அவர் உதட்டைச் சுழித்த விதத்தையும் மெர்வின் அண்ணன் சொன்னார். கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்களுக்கும் எரிந்திருக்கும். அதனால்தான் எழுந்து கிளம்பியிருக்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் கிளம்பும்போது என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? “சரி, அப்ப நான் வாரேன்” என்று சொல்லியிருக்கிறீர்கள். அவ்வளவு கோபத்திலும் உங்கள் வாயில் ‘போறேன்’ வரவில்லை. நம் பக்கத்து ஆட்களுக்கு எப்படி வரும்? சாவு வீட்டைத் தவிர மற்ற எந்த வீட்டிலும் ‘வாரேன்’ என்று சொல்லாமல் படியிறங்கியதில்லையே நாம்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே எல்லாரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஜெர்சன் கோபத்தில் வெளியே போயிருக்கிறார், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத் திரும்பி வருவார் என்று காத்திருக்கிறார்கள். “தங்கச்சி, மாப்ள வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு. போன் கெட்டுப்போச்சு போல. எத்தனை மணிக்கு வாராருன்னு கேட்டுச் சொல்லும்மா” என்கிறார் மெர்வின் அண்ணன். ஐஸ் கம்பெனிக்காரர், உப்பு ஆலைக்காரர், இறால் கம்பெனிக்காரர் எல்லாரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்களாம். யார்டுக்காரர் போனால் பண்ணை சிறிதாகும், அவ்வளவுதானே, அதற்காக ஐஸ் உறையாமலா போய்விடும் என்று கேட்டார். கணக்கைத் திருத்திப் போட்டுக் கொடுக்க நீங்கள் வேண்டுமாம்.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? காலை பத்து மணிக்கு வருவார் அண்ணே என்றேன். பொய் இல்லை. நீங்கள் சொன்ன வார்த்தைக்கு நான் நேரம் குறித்தேன், அவ்வளவுதான்.

இனி நம் ஊர்ச் செய்தி. யார்டு முதலாளி சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமையே கள்ளிக்குடிப் பக்கம் ஒரு புரோக்கரைக் காரில் அனுப்பியிருக்கிறார். வீடு வீடாகப் போய், ஜெர்சன் சார் விலகிவிட்டார், குத்தகையெல்லாம் இனி நடக்காது, விற்றுவிடுங்கள், பண்ணையிலேயே வாட்ச்மேன் வேலை வாங்கித் தருகிறேன் என்று பேசியிருக்கிறான் அந்த ஆள். ஒருவரும் நம்பவில்லை. சார் அப்படிப்பட்டவர் இல்லை என்று அவனையே திருப்பித் திட்டியிருக்கிறார்கள். இதை ராஜபாண்டி அண்ணன் பெருமையாகச் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சோணையம்மாள் அக்கா களத்தில் சோளம் காய வைத்துக்கொண்டிருந்தாராம். அவன் வந்து நின்றதும், “குத்தகைன்னா உக்காரு, விலைன்னா எந்திரி” என்றிருக்கிறார். அவன் உட்காரவே இல்லையே என்று ராஜபாண்டி அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “டீச்சரம்மா, எங்க ஆத்தா அடுத்தவன் வயல்ல நாத்து நட்டுச் செத்தா. நான் நகையே போடாம வாங்கின நிலம். அதுலயே என்னைய வாட்ச்மேன் ஆக்கப் பாக்குறான். வெயில வேணா வாங்கிக்கிறட்டும். மண்ணு எம்புட்டுக் குடுத்தாலும் இல்ல” என்றார்.

வெயில் இவர்களுடையது, கரண்டு கொண்டுபோகும் கம்பி கவர்மெண்டினுடையது, தூத்துக்குடியில் உறைகிற ஐஸ் கம்பெனிக்காரர்களுடையது, நிலம் மட்டும் யாருக்கும் கைமாறாது என்று இவர்களுக்குப் புரிய வைத்தது நீங்கள்தான். ஐஸ் கம்பெனிகளுக்கு டீசல் ஜெனரேட்டர் விற்றுக்கொண்டிருந்த மனிதர், அவர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே பண்ணையில் பங்கு போட வைக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது நம் சபையில் எத்தனை பேர் சிரித்தார்கள்! அவர்களுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள் நான். இப்போது ஒரு ஆள் உதட்டைச் சுழித்ததற்காக என்னைத் தலைகுனிய வைக்காதீர்கள்.

உங்கள் பழைய முதலாளியும் நேற்று வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். உங்கள் நாற்காலி அப்படியே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். அதில் வேறு யாரையாவது உட்கார வையுங்கள் சார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கேட்காமல் செய்துவிட்டேன்தான். கோபம் வந்தால் போனைப் போட்டுத் திட்டுங்கள். அப்படியாவது அது ஆன் ஆகட்டும்.

வீட்டில் மோட்டார் பழுது. கீழ்வீட்டில்தான் தண்ணீர் பிடிக்கிறேன். பாடகர் குழுவில் உங்கள் குரல் இல்லாமல் கீர்த்தனை மெலிந்துபோய்க் கேட்கிறது. சாப்பாடு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகிவிடுகிறது, அளவு கைக்கு மறந்துபோயிற்று. இதையெல்லாம் உங்களை வரவழைப்பதற்காக எழுதவில்லை. நீங்கள் இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்று தெரிந்தேதான், இப்படி விட்டுவிட்டு வராதீர்கள் என்று சொல்கிறேன். அது உங்களுக்குப் புரிய வேண்டும்.

யாருடைய கையெழுத்தை நம்ப முடியாது என்றார்களோ, அவர்களே உங்களோடு கூட்டத்துக்கு வருகிறார்கள். நான் அனுப்பவில்லை. அந்தக் கையெழுத்துப் பேச்சைப் புரோக்கரே அவர்களிடம் உளறியிருக்கிறான். “எங்க கைய அவங்க நேர்லயே பாக்கட்டும்” என்று அவர்களாகவே கிளம்பிவிட்டார்கள். தூத்துக்குடியில் அவர்களுக்குத் தெரிந்த முகம் உங்களுடையது ஒன்றுதான். நீங்கள் போகாவிட்டால் அந்த வாசலில் அவர்களை உள்ளே அழைக்க ஆள் இல்லை.

அக்கா கையில் இருக்கும் மஞ்சள் பையில் உங்கள் வெள்ளைச் சட்டை இருக்கிறது, இஸ்திரி போட்டது. படித்து முடித்ததும், வீட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள் என்று சொல்லுங்கள். அது உண்மைதான்.

உள்ளே நுழைந்ததும் வேறு எதுவும் பேச வேண்டாம். ‘வந்துட்டேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். அங்கே சொல்லிவிட்டு, பிறகு இங்கே நம் வாசலில் வந்து சொல்லுங்கள். அங்கே சொல்லாமல் இங்கே சொல்லாதீர்கள்.

கோபத்திலும் உங்கள் நாவைக் காத்த ஆண்டவர், உங்கள் கால்களையும் அந்த வாசல் வரை காத்து நடத்துவாராக.

கதவைத் தாழிடாமல் இருக்கும்,
எஸ்தர்