கழற்றிய கண்டன்சர்

12.6.1991
காலையில் பிளக்குக்குப் பொறி வரவைக்கிற பாயிண்ட்டைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மலையில் மழைக்காலத்தில் என் அம்பாசடர் டாக்ஸிக்கு இது வாராவாரம் உள்ள வேலை. கரடியூர் பொன்னுவேல் டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஓடி வந்தான். மனைவி வள்ளிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி. அப்படியே மூடிவிட்டுக் கிளம்பினேன்.

அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கரடியூர் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பனிமூட்டம். பெட்ரோலா, பிளக்கா — எதையெதையோ துடைத்தேன். பின்சீட்டில் வள்ளி கத்துகிறாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு எஸ்டேட் ஜீப் வந்தது. அதில் சேலத்துக்குப் போனார்கள்.

14.6
பெண் குழந்தை. ஜீப்பிலேயே பிறந்ததாம். மூச்சு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

பொன்னுவேல் கேட்டான்: "ஏனுங்கண்ணா, வண்டிக்கு என்னாச்சுங்க?"

"போன வாரம் மெக்கானிக் ஐயாக்கண்ணு போட்ட கண்டன்சர், கண்ணு. மட்டமான சாமான்."

ஸ்டாண்டே கேட்டுக்கொண்டிருந்தது. கண்டன்சர் என்பது பாயிண்ட்டோடு இருக்கும் சின்ன உருளை; அது கெட்டாலும் வண்டி நிற்கும். ஏன் அப்படிச் சொன்னேன்? ஜீப் போன பிறகுதான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். பாயிண்ட்டின் திருகாணி லூசாக இருந்தது. இடைவெளி மூடிக் கிடந்தது; பொறி எப்படி வரும்? அவசரத்தில் நான்தான் முடுக்காமல் விட்டிருக்கிறேன். சரிசெய்து முடுக்கியதும் உடனே ஸ்டார்ட் ஆனது.

22.6
குழந்தை இன்னும் பெட்டிக்குள்தான்.

29.6
மெக்கானிக் ஐயாக்கண்ணுவின் ஷெட்டில் ஒரு வண்டியும் இல்லை. ஜீப்காரர்கள்கூடச் சேலத்துக்கே போகிறார்களாம். என் மனைவி ஆரோக்கியசெல்வி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கொழந்தைக்கு இப்படியானதுக்கு அவருதான் காரணம்னு தண்ணிக்குழாய்ல பேசறாங்க. பாவமுங்க."

தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தேன்.

4.7
பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட முடிவு செய்தேன். தேய்க்க வேண்டாம், இடைவெளி பார்க்க வேண்டாம், ஈரத்துக்கும் பயமில்லை. மலையில் அந்த வேலை தெரிந்தவன் ஐயாக்கண்ணு ஒருவன்தான். அவனுக்கு ஒரு வேலை கொடுத்ததாகவும் இருக்கும் — எவ்வளவு பெரிய மனசு எனக்கு! பாயிண்ட்டே இல்லையென்றால் கேள்வியும் போய்விடும் என்பதல்லவா உண்மை?

8.7
ஐயாக்கண்ணு பாயிண்ட்டையும் கண்டன்சரையும் கழற்றினான். பாயிண்ட் இருந்த இடத்தில் விரல் நுனி அளவு ஒரு சாமான். அதிலிருந்து இரண்டு ஒயர், ஒரு கறுப்புப் பெட்டிக்கு. டைமிங் வைத்தான். ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் சத்தமே மாறிவிட்டது, ஒரே சீராக.

பிறகு அந்தக் கண்டன்சரை எடுத்துச் சோதித்தான். நான் பார்க்கத்தான் செய்தான் என்று நினைக்கிறேன். அதைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தான்.

"நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. ஒரு மாசமா இதைப் போட்டுட்டுத்தானே ஓட்டுனீங்க?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம்.

9.7
ஸ்டாண்டில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஆணியை முடுக்காமல் விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அப்படியே கரடியூருக்குப் போனேன். குழந்தை வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. நான் சொன்னதைப் பொன்னுவேல் வாசலில் நின்றபடியே கேட்டான். உள்ளே கூப்பிடவில்லை.

"ஆணி முடுக்காதது அவசரத்துலங்க. எனக்காக ஓடி வந்தீங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு வுட்டிருப்பேன். அந்த மனுசனை ஊரே திட்டுச்சே, நானும் நொம்பத் திட்டினேனே. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்ங்க?"

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

20.7
ஸ்டாண்டில் எனக்கு மட்டும் சவாரி இல்லை. நியாயம்தான்.

3.9
ஐயாக்கண்ணு ஷெட்டில் மூன்று ஜீப்கள். நான் போனால் வேலை செய்து தருகிறான். 'அண்ணா' மட்டும் போய்விட்டது; 'டிரைவரே' என்கிறான்.

இன்று பொன்னுவேலும் வள்ளியும் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். குழந்தைக்கு ஊசி, சேலம் போகணும் என்றார்கள். என் வண்டியில்தான் ஏறினார்கள். நல்ல மழை, வண்டி ஒருமுறைகூடத் திணறவில்லை. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் குடை விரிக்க முடியாமல் பொன்னுவேல் குழந்தையை என் கையில் கொடுத்தான். வெதுவெதுவென்று, கனமாக இருந்தது. பெயர் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

வள்ளிதான் சொன்னாள்: "காமாட்சிங்க."