முப்பதுக்கு இருபத்தெட்டு

4-3-2025
நாமக்கல்லிலிருந்து பள்ளிபாளையத்துக்கு முட்டை ஏற்றிப்போன என் வீட்டுக்காரர், அயோத்தியாப்பட்டணத்தில் வேனை நிறுத்திவிட்டுப் போன் போடுகிறார். “மஞ்சுளா, நான் எந்தக் கடைக்கு வந்தேன்?” இருபது வருடமாக ஓட்டுகிற ரூட். சேலத்தையே தாண்டி, வேறு திசை!

7-3-2025
சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டர். பத்தே நிமிடம். தேதி கேட்டார், இவர் டக்கென்று சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். முட்டை எண்ணியே பழகிய மனுஷர், மூச்சு விடாமல் கழித்தார். முப்பதுக்கு இருபத்தெட்டு மார்க். ஞாபகத்தில் குறையில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தாயிற்று.

மகன் நந்தகுமார் போனில் சிரிக்கிறான். “எனக்கே அவ்வளவு வராதும்மா. நீதான் அப்பாவப் பைத்தியமாக்கறே.”

8-3-2025
இப்போதுதான் உறைக்கிறது. நேற்று டாக்டர் உள்ளே கூப்பிடும்வரை, அன்றைய முட்டை விலை மெசேஜைத் தேதியோடு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் செய்கிற வேலை! இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

15-3-2025
வேன் சாவியைத் தரச்சொன்னேன். சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டுகிறார். “டாக்டரே சரின்னுட்டாரு. நீ அவரை உட பெரிய ஆளா?”

27-3-2025
பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிரேக் எது என்று தெரியவில்லையாம். வேன் சுவரில் மோதி நின்றது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? அந்தச் சீட்டையா காட்டுவேன் பெத்தவங்ககிட்ட? ஐயோ சாமி, யாராவது நான் சொல்றத நம்புங்களேன்.

2-4-2025
வேறு டாக்டர், ஒரு அம்மா. என்னைத் தனியாக உட்காரவைத்து எல்லாம் கேட்டார். “அந்தச் சின்னப் பரீட்சை மேலோட்டமாப் பாக்கறதுங்க. கணக்குப் பழகுனவங்க ஞாபகம் கொறைஞ்சாலும் அதுல தப்பிச்சிருவாங்க. ஊட்டுல இருக்கறவங்க சொல்றதையும் கேக்கோணும்.” அழுதுவிட்டேன்.

நாளை மூன்று மணி நேரப் பரீட்சை. புருஷன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படுக்கிறேன். என்னைப்போல் ஒருத்தி இருப்பாளா?

3-4-2025
தோற்றுவிட்டார். நான் சொன்னதுதான் சரி. சரியாக இருந்து என்ன பிரயோஜனம்.

20-6-2025
சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. தினமும் முட்டை விலையைப் படித்துவிட்டு வந்து சாவி கேட்பார், சண்டை பிடிப்பார். இன்று மெசேஜ் வந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. சாவியும் கேட்கவில்லை. கேட்பார், கேட்பார் என்று பத்து மணிவரை அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு நானே சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

“இது யார்துங்க?” என்று என்னிடமே திருப்பித் தந்தார்.