எட்டாவது வாசல்

சலே
3 பிப்ரவரி 1987

அன்புத் தம்பி மெஹ்திக்கு, அக்கா பத்தூலின் ஸலாம்.

குளிர் என் மூட்டுகளைப் பதம் பார்க்கிறது. மற்றபடி சுகம். "மாடி அறைக்கு இன்னுமா ஆள் கிடைக்கவில்லை?" என்று சலித்துக்கொண்டிருக்கிறாய். ஆளுக்கு என்ன பஞ்சம்? முதலில் ஒரு வக்கீல் வந்தார். வக்கீலை உள்ளே விட்டால் கடைசியில் நாம்தான் வெளியே போக வேண்டும். பிறகு ஒரு ஜோடி. கல்யாணப் பத்திரம் எங்கே என்றேன். "ஊர்ல மறந்து வச்சிட்டோம் மாமி" என்றான் பையன். போய் எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் மூன்று மாணவர்கள். அவர்கள் சுவரில் சாய்ந்து நின்ற விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று யாமினா என்று ஒருத்தி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கணவன் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்த பாங்கிலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. அடுக்களையில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றிக்கொண்டே என்ன வேலை என்று கேட்டேன்.

"மய்யித்து குளிப்பாட்டுறேன், லல்லா பத்தூல். பொம்பளைங்கள மட்டும்."

தேநீர் தட்டில் சிந்திவிட்டது. நம் ஊர்ப் பேச்சு உனக்குத் தெரியாததா? இறந்தவர் உடலைக் குளிப்பாட்டிய தண்ணீருக்கும் மிச்சச் சோப்புக்கும் சூனியக்காரர்கள் அலைவார்களாம். அப்படிப்பட்டவள் ஏறி இறங்கும் மாடிக்குக் கீழே நான் எப்படித் தூங்குவது? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"பரவாயில்ல. ஏழு வாசல் பாத்துட்டேன், இது எட்டாவது. மாசக் கடைசில நான் இருக்கிற வீட்ட இடிக்கிறாங்க, அதான் அவசரமா வந்தேன்" என்றாள். தேநீரை முழுக்கக் குடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

சமையல் வேலை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன். அவள் சொல்லவில்லை. அதுதான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

உன் அக்கா,
பத்தூல்

---

லியோன்
10 பிப்ரவரி 1987

அன்பு அக்கா,

நீ வாடகைக்கு ஆள் தேடுகிறாயா, மாப்பிள்ளை தேடுகிறாயா? உன் சல்லடையில் நானே தேற மாட்டேன் போலிருக்கிறதே!

யாமினா விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நம் அம்மாவைக் குளிப்பாட்டியது யார்? நீ இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நாம் இருவருமே அம்மாவைத் தொடவில்லை, அக்கா. யாரோ ஒருத்தி தொட்டுக் குளிப்பாட்டி அனுப்பிவைத்தாள். அவளுக்கும் எங்கேயாவது ஓர் அறை வேண்டியிருக்கும் அல்லவா? அவள் யாரென்றாவது விசாரித்து எழுது.

மெஹ்தி

---

சலே
16 பிப்ரவரி 1987

மெஹ்தி,

பக்கத்து வீட்டு ரஹ்மாவிடம் கேட்டேன். அம்மா இறந்த அன்று கூட இருந்தவள் அவள்தானே.

"உனக்குத் தெரியாதா? ரெண்டு வாரம் முந்தி உன் வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாளே, யாமினா, அவதான்" என்றாள்.

"அவ ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"யாரக் குளிப்பாட்டினேன்னு அவ எங்கயும் வாயத் திறக்க மாட்டா. அன்னிக்கு மிச்சச் சோப்பக்கூட எங்க கண்ணு முன்னாலயே கரச்சு, தண்ணியெல்லாம் யார் காலும் படாத எடமாப் பாத்து அத்தி மரத்தடில ஊத்தினா. ஒரு பொட்டுச் சந்தேகம் யாருக்கும் வரக் கூடாதுன்னு."

யோசித்துப் பார். அடுக்களைக்கு எதிர் அறையில்தான் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். அந்த அறையைப் பார்த்தபடிதான் யாமினா உட்கார்ந்திருந்தாள். "உங்க அம்மாவக் குளிப்பாட்டினவ நான்" என்று ஒரு வார்த்தை போதும், சாவியை அவள் காலடியில் வைத்திருப்பேன். தலைக்கு மேல் கூரை போகப்போகிற நேரத்திலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லையே! என்ன பெண்ணடா இவள்!

நீ சரி என்று எழுது. சாவியோடு நானே போகிறேன்.

பத்தூல்

---

லியோன்
21 பிப்ரவரி 1987

அக்கா,

நூறு முறை சரி. ஆனால் எனக்காக ஒன்று செய். சாவியைக் கொடுக்கும் முன் அவளிடம் கேள், அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று.

நான் கப்பல் ஏறிய அன்று அம்மா என்னோடு பேசவில்லை. "போறவன் போ" என்று திரும்பிக்கொண்டாள். அந்த முகத்தைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன். கோபம் ஆறிய முகத்தோடு போனாளா? இது தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

மெஹ்தி

---

சலே
2 ஏப்ரல் 1987

என் அருமைத் தம்பிக்கு,

பதில் எழுத ஒரு மாதம் தாமதம். எழுத உட்காரும்போதெல்லாம் உன் முகம் வந்து நின்றது.

உன் கடிதம் மாதக் கடைசி நாளில்தான் கிடைத்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். யாமினா தன் வீட்டு வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். போவதற்கு இடமில்லை. நான் வெட்கம் கெட்டுப்போய், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நீ சொன்னதைக் கேட்டேன்.

மூட்டையை விட்டு நிமிர்ந்து பார்த்தாள். "உங்க அம்மா முகம் நல்லா இருந்துச்சுன்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும், லல்லா? உங்க தம்பியும் சந்தோஷப்படுவாரு. நாளைக்கு இன்னொரு வீட்டுல இதையே கேப்பாங்க. அங்க முகம் நல்லா இல்லாம, நான் பேசாம இருந்தா அந்தப் பிள்ளைங்க என்ன நெனக்கும்? அதனாலதான் யாருக்கும் எதுவும் சொல்றதில்ல. சாவிக்காகவும் சொல்ல மாட்டேன்" என்றாள். மறுபடி குனிந்து முடிச்சை இறுக்கினாள்.

தம்பி, எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி ஒருத்தியிடம்தான் நம் அம்மா கடைசியாகப் போய்ச் சேர்ந்தாள் என்று நிறைவாக இருந்தது. சாவியை அவள் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். அம்மாவைக் கடைசியாகத் தொட்ட கை அது. நடுத்தெருவென்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

இப்போது அவள் மாடியில் இருக்கிறாள். எதிர்வீட்டார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள், நிறுத்தட்டும். வெள்ளிக்கிழமைகளில் நானும் அவளும் ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கட்டாயம் வா. அவளுக்கு ஸலாம் சொல். அவள் ஊற்றும் தேநீரைக் குடி. வேறெதையும் கேட்காதே.

உன் அக்கா,
பத்தூல்