முதலில் மறைவது நட்சத்திரங்கள்தான்

பாசமுள்ள செந்திலண்ணா,

நீங்கள் போன பிறகு உங்கள் தொலைநோக்கியை மாடியிலிருந்து இறக்கவேயில்லை. சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இன்று உங்களிடம் சொல்லியாக வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வேன்?

பனியன் கம்பெனியில் பகலெல்லாம் கட்டிங் மாஸ்டராக நின்றுவிட்டு, வந்த காலோடு மாடியேறுவீர்கள். வேலம்பாளையத்தில் கம்பெனிகள் பெருகப் பெருக, வானம் வெளுத்துவிட்டது, நட்சத்திரம் குறைந்துவிட்டது என்று புலம்பினீர்கள். நாங்களும் விளக்குகளைத்தான் திட்டினோம். ஒரு நாள் பொழுது இறங்கியதும் கரண்ட் போய் ஊரே இருண்டது. என் தலைக்கு மேலே வானம் கொள்ளாமல் நட்சத்திரங்கள். உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

விழித்திரை நோய் என்றார் கோயமுத்தூர் டாக்டர். முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு ஓரங்கள் சுருங்கிக்கொண்டே வரும், மருந்து கிடையாது. மறுநாள் காலை ஒரு வெள்ளை அட்டையோடு மாடிக்குக் கிளம்பினீர்கள். எதற்கு என்று கேட்டேன்.

"ராத்திரி இருக்கறதெல்லாம் போச்சு அம்மிணி. பகல்ல ஒண்ணு இருக்குதல்ல, அதையாவது பாக்கறேன்."

அதற்குப் பிறகு தினமும் சூரியன்தான். தொலைநோக்கி வழியே அதன் வெளிச்சத்தை அட்டையில் விழவைத்து, கரும்புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி ஆட்கள் எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். சூரியனுக்கு மச்சம் இருக்கிறது என்று சொன்னால் தன் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள் என்றாள் திருநெல்வேலியிலிருந்து வந்த டெய்லர் பெண். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் நீங்கள் சிரித்தீர்கள்.

அந்த மழைக்காலத்தில், மங்கலான நேரத்தில் பெருமாநல்லூர் ரோட்டைக் கடந்தீர்கள். ஆட்களை ஏற்றி வந்த வேன் பக்கவாட்டிலிருந்து வந்தது. உங்களுக்கு ஓரம் தெரியாது என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? அவரும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதார் அண்ணா.

எனக்கும் அதே நோய்தான். போன வருஷமே நட்சத்திரம் குறைந்தது. பக்கத்துக் கம்பெனியின் புது விளக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது போகட்டும். நான் பெற்ற கவிதா அந்தி நேரமானால் வாசல்படியில் இடற ஆரம்பித்தாள். அவளையும் அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"சொந்தத்துலயா கல்யாணம்?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமாங்க. மாமன் பையன்தானுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். அவளுக்கும் அதேதான் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு எப்பம்மா தெரியாமப் போகும்?" என்று கேட்கிறாள் கவிதா. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? புது மருந்து வரும் என்கிறார் கவிதாவின் அப்பா. எனக்கு நம்பிக்கை இல்லை அண்ணா.

பெரிய நட்சத்திரங்கள் அவளுக்கு இன்னும் தெரிகின்றன. மழை விட்டதும், நிலா இல்லாத நாளாகப் பார்த்து, விளக்கே இல்லாத காட்டுப் பக்கம் அவளைக் கூட்டிப் போகிறேன். இது சத்தியம். எனக்கு அங்கே வெறும் கறுப்புதான் இருக்கும். எது எந்தத் திசையில் நிற்கும் என்பது மட்டும் தெரியும். கையை நீட்டிக் காட்டுவேன். அங்கே இருக்கிறதா என்று அவள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
அம்மிணி