தொட்டதை மறக்காத கால்

1958 ஆகஸ்ட் 4, தங்கச்சிமடம்

இன்றும் ஒன்றுமில்லை. கரப்பான் பூச்சியின் கால் நரம்பில் கம்பியை வைத்தால் ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். சென்னையில் விசிறியும் விளக்கும் என் பதிவுகளைக் கெடுத்தன என்றுதான் மின்சாரம் இல்லாத வீடாகப் பார்த்து, கருவியையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். இங்கே உப்புக் காற்று கம்பிகளை அரிக்கிறது.

திருவாடானை வீட்டிலிருந்து அய்யா வந்திருந்தார். "கரப்பானுக்கு வைத்தியம் பாக்கவா இம்புட்டுப் படிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 11

உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. ஜனவரி மாநாட்டில் படிக்க ஏதாவது இருந்தால்தான் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் கருவி சென்னைக்கு, நான் வீட்டுக்கு.

எனக்குப் பூச்சி பிடித்துத் தரும் பக்கத்து வீட்டு லீமாரோஸிடம் கோபித்துக்கொண்டேன். அவள் கொண்டுவந்ததில் பாதிக்குக் கால் இல்லை. "ஒரு கால் ஒடையக் கூடாது, மீசை அறுபடக் கூடாது" என்றேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது.

ஆகஸ்ட் 19

முழுப் பூச்சிகள்! ஒரு பானை நிறைய.

ஆகஸ்ட் 23

நிற்கவில்லை!

பூச்சியின் காலை ஒரு மயிரிழையால் தொட்டேன். நரம்பு துடிக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் படபடவென்று கேட்டது. தொடுவதை விட்டதும் அடங்க வேண்டும். அடங்கவில்லை. பொரிச்சட்டி மாதிரி வெடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த பூச்சியும் அப்படித்தான். உடம்பிலிருந்து பிரித்தெடுத்த காலும் அப்படித்தான் — அப்படியானால் தொட்டதைக் காலே நினைவில் வைத்திருக்கிறதா? மூளையே இல்லாமல்?

யாரிடம் சொல்வது? கடற்கரைக்குப் போய் நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம்.

செப்டம்பர் 6

சென்னையிலிருந்து என் பேராசிரியரின் தந்தி. நான் எழுதி அனுப்பிய கட்டுரையை மாநாட்டில் சேர்த்துவிட்டார்கள். சோறு இறங்கவில்லை. சந்தோஷம் என்றால் இப்படியா இருக்கும்?

செப்டம்பர் 20

ஒன்று உறுத்துகிறது. பானையைத் திறந்தால் கரப்பான் ஓட வேண்டாமா? லீமாரோஸ் தரும் பூச்சிகள் தள்ளாடுகின்றன. சில மல்லாந்து கிடந்து காலை உதைக்கின்றன.

செப்டம்பர் 21

கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

கருவாட்டைப் புரட்டிக்கொண்டே பெருமையாகத்தான் சொன்னாள்: "நீங்கதானக்கா முழுசா வேணும்னு சொன்னீக. ஓடுற பூச்சிய அப்படிப் பிடிக்க முடியுமா? எங்க மாமியா வீட்டுல மருந்தடிச்சிருக்கு. அங்கனதான் கெறங்கிக் கெடக்கும். அள்ளிட்டு வாரேன்."

மலேரியா ஒழிப்புக்காரர்கள் அடித்த டி.டி.டி. என் வீட்டுக்கு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பியிருந்தேன். அவள் மாமியார் வீட்டு வாசல் சுவரில் அவர்கள் எழுதிப்போன மருந்தடித்த தேதியை, மாதா திருவிழாவுக்கு அடித்த சுண்ணாம்பு மறைத்துவிட்டிருக்கிறது. டி.டி.டி. பட்ட நரம்பு ஓயாமல் துடிக்கும் என்று பரீட்சைக்கே படித்தவள் நான். கரப்பானுக்கு ஞாபகமாம்! எனக்கு இருந்ததா?

அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. கேட்டதைத்தானே கொண்டுவந்தாள்.

செப்டம்பர் 24

யாருக்கும் தெரியாது. பேராசிரியர் இங்கே வந்து பார்க்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லாம் கிடைக்கும். இருந்து தொலையேன்டி. ஏன் உன்னால இருக்க முடியல?

செப்டம்பர் 26

பாம்பன் போய்த் தந்தி கொடுத்துவிட்டேன். முடிவு தவறு, கட்டுரை வேண்டாம் என்று.

அக்டோபர் 8

பதில் வந்தது. மார்ச்சுக்கு மேல் நீட்டிக்க மாட்டார்களாம். தெரிந்ததுதான், ஆனாலும் அழுதேன். லீமாரோஸ் பார்த்துவிட்டாள். தன்னால்தான் என்று பயந்து, "இனிமே தெம்பான பூச்சியாப் பிடிச்சுத் தாரேன்க்கா. கெறங்குனதுகூட ஒரு நா விட்டா எந்திரிச்சு ஓடிரும்" என்றாள்.

"செத்துப்போகாதா?"

"மொதல்ல மருந்தடிச்சப்ப கூடை கூடையாச் செத்துச்சு. இப்ப எங்க சாவுது?"

அழுகை நின்றுவிட்டது. நிற்காமல் துடிக்கிற அந்த நரம்பு மறுபடி எப்படி அடங்குகிறது? அடங்கினால்தானே எழுந்து ஓட முடியும்! இதை ஏன் நான் கேட்கவே இல்லை?

நவம்பர் 3

மருந்தடிப்பவர்கள் இன்று மறுபடி வந்தார்கள். நான் உள்ளே கூப்பிட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னறையைக் காட்டி, இதற்கு மட்டும் அடிக்கச் சொன்னேன்.

"ஒரு ரூமுக்கு மட்டும் அடிச்சு என்னம்மா புண்ணியம்? பொழச்சதெல்லாம் முன்னறைக்கு ஓடி வந்துருமே."

"வரட்டும்ங்க" என்றேன். "அதுகதான் எனக்கு வேணும்."