ஸ்க்ரூ பிடிக்காத எலும்பு

நவம்பர் 4, திங்கள்

விடியும்போதே மழை. உவரியிலிருந்து திருநெல்வேலி வரை பஸ்ஸில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மகன் அந்தோ தோளில் சாய்த்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. வியாழக்கிழமை ஆபரேஷன்.

சிறு வயதிலிருந்தே கோணல் முதுகுதான். இப்போது முன்பக்கமும் மடங்கி, நடந்தால் தரை மட்டுமே தெரிகிறது. கம்பி வைத்து, ஸ்க்ரூ முடுக்கி நிமிர்த்துவார்களாம். இதற்காகவே அந்தோ மஸ்கட்டிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறான்.

கொண்டுவந்தது: சேலை, ஃபிளாஸ்க், ஜெபமாலை, பழைய ரிப்போர்ட் எல்லாம். சீப்பை மறந்துவிட்டேன்.

இடது கால் அதிகமாக மரத்துப்போகிறது. அந்தோவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

கழுத்திலிருந்து தொடைவரை நிற்கவைத்து எக்ஸ்ரே. வளைவை அளக்க எல்லோருக்கும் எடுப்பதுதான். மத்தியானம் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முதுகைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தொடை எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எப்பவாவது முதுகுல மளுக்குன்னு ஏதும் சத்தம் கேட்டுச்சா?"

கேட்டது. போன வருடம், தண்ணீர்க் குடம் தூக்கும்போது. வாய்வு என்று பூண்டு தின்றேன்.

அன்றைக்கே ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. தொடை எலும்பின் ஓரமும் மெலிந்து கிடக்கிறதாம். "எக்ஸ்ரேய மட்டும் வச்சு முடிவா சொல்ல மாட்டேன். இடுப்புல ஒரு ஸ்கேன் பாத்துருவோம். அதுவரைக்கும் ஆபரேஷன் வேண்டாம்."

அந்தோ எழுந்துவிட்டான். "போன வருசம் எடுத்த ஸ்கேன்ல எலும்பு நல்லாருக்குன்னுதான போட்டுருக்கு?"

"அது முதுகுல எடுத்ததுப்பா. கோணல் முதுகுல அங்கங்க எலும்பு முண்டு முண்டா வளந்துருக்கும். அதையும் சேத்துக் கணக்கெடுத்து மெஷினு ஏமாந்துரும்."

ராத்திரி சாப்பாட்டை அவன் தொடவில்லை.

நவம்பர் 6, புதன்

ஸ்கேன் வாசலில் கூட்டம். பக்கத்தில் கல்லிடைக்குறிச்சிக்காரி ஒருத்தி, இடுப்பில் பெல்ட். வேறெங்கோ ஆபரேஷன் செய்துகொண்டவள்.

"எலும்பு எப்படி இருக்குன்னு யாரும் பாக்கல. ஸ்க்ரூ பிடுங்கிட்டு வந்துட்டு. திரும்ப அறுக்கணும்னு சொல்லுதாங்க" என்றாள். சொல்லிவிட்டு, இட்லிப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். எனக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் ரிசல்ட். எலும்புப்புரை, எலும்பு உள்ளே அரித்துப் பஞ்சாகிற நோய். முற்றிவிட்டது.

இப்போது முடுக்கினால் ஸ்க்ரூ பிடிக்காது. மாதக்கணக்கில் தினமும் ஊசி, மாத்திரை. எலும்பு கொஞ்சம் தேறின பிறகுதான் ஆபரேஷன்.

நவம்பர் 7, வியாழன்

இன்று ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்க வேண்டியவள். ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டு.

அந்தோ வேறொரு ஆஸ்பத்திரியில் பேசிவிட்டு வந்தான். சனிக்கிழமையே செய்துவிடுவார்களாம்.

"வேண்டாம்ல."

"எம்மா, இத விட்டா எனக்கு எப்ப லீவு கெடைக்கும்னு தெரியாது."

"உள்ள கம்பி கழண்டா நீயா வந்து முடுக்குவ?"

கோபத்தில் கேட்டுவிட்டேன். அவன் என் காலைக் காட்டினான். "நான் போனப்புறம் ஒனக்குக் காலு விழுந்துட்டுன்னா? நீ எடது கால இழுத்து நடக்கது எனக்குத் தெரியாதாக்கும்?"

தெரிந்திருக்கிறது. நான்தான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரருக்குப் போன். "ஒன் ஒடம்பு. நீ சொல்லுதபடி செய்வோம்" என்றார். வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்திருந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன், காத்திருக்கும்போது கால் போய்விட்டால்?

மழுப்பவில்லை அவர். "காலு பலம் கொறஞ்சாலோ, ஒண்ணுக்குப் போறது தெரியாம போனாலோ அன்னைக்கே வந்துரணும். அப்ப எலும்பு எப்படி இருந்தாலும் நரம்பக் காப்பாத்த ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும்."

ஆக, இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். அந்தோ என்னையே பார்த்தான். காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் ஊசி, வயிற்றில். நர்ஸ் காட்டிக்கொடுக்க, போட்டது அந்தோ. பல்லைக் கடித்துக்கொண்டு. "அப்பாவுக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்." நேற்றிலிருந்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஜூன் 15, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இத்தனை மாதமும் தினம் ஊசி, முட்டை, வெயில். படுக்கப்போகும்போதெல்லாம் இடது கால் விரல்களை ஆட்டிப் பார்ப்பது. ஆடினால்தான் தூக்கம். ஈஸ்டர் சமயத்தில் ஒருநாள் ஆடவில்லை. வீட்டுக்காரர் கார் பிடிக்க ஓடினார். வருவதற்குள் ஆடிவிட்டது. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து அழுதோம்.

புதன்கிழமை ஆபரேஷன் முடிந்தது. "முடுக்கும்போதே கைக்குத் தெரிஞ்சுது, நல்லாக் கடிச்சுப் பிடிச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. இனியும் மருந்தை நிறுத்தக் கூடாதாம்.

அந்தோ சம்பளமில்லாத லீவில் வந்திருக்கிறான். இன்று காலை அவனும் நர்ஸும் பிடிக்க, நின்றேன். பைய, பைய. தலை சுற்றியது. கண்ணைத் திறந்தால் நேரே அவன் முகம். என்னைப் பார்க்க அவன் குனிய வேண்டியிருக்கவில்லை.

"எம்மா, வலிக்கா?"

வலிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொல்லவும் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்கிறேன் என்றேன்.