ஒலிவத் தோப்பில் அடங்கிய சிள்வண்டுகள்

கூரா,
ஜூலை 19, 1987

என் கண்ணே நுஹாத்,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் கடிதங்களைக் கொண்டுவரும் டாக்ஸிக்கார ஹன்னாவின் வாய் வழியாக அது பத்ரூன் வந்து சேருவதற்குள் என் வாயாலேயே வரட்டும். போன செவ்வாய், பட்டப்பகலில், நம் ஒலிவத் தோப்பில், மீசை நரைத்த உன் புருஷன் பேண்ட்டிலேயே பெய்துவிட்டான்.

சிரித்தாயா? உன் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினாயா? சரி, இனிக் கேள்.

கரி சுடுகிற கும்பல் பக்கத்துத் தோப்பு எலியாஸின் மரங்களை வெட்டி, தடுக்கப் போனவன் கையையும் உடைத்த மறுநாள் நீ அக்கா வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கினாய். "மரமா, நானா?" என்று கேட்டாய். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். நம் மரங்களைத்தான் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தோப்பில் வழக்கம்போலச் சிள்வண்டு காதைக் கிழித்தது. ஆனால் கல்சுவருக்குக் கீழே, சரிவுப் பக்கம் மட்டும் மூச்சுப் பேச்சில்லை. ஆள் நடமாட்டம் தெரிந்தால் அது சட்டென்று வாயை மூடிவிடும், உனக்குத் தெரியுமே. அப்படியானால் கீழே யாரோ நிற்கிறான். எட்டிப் பார்க்கக் கால் வரவில்லை. ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என் பக்கம் இருந்த சிள்வண்டு ஒன்று, நான் நகர நகர, மரத்தை நடுவில் வைத்து அந்தப் பக்கமாகவே ஒதுங்கியது. கை தவறி அதன் மேல் பட்டுவிட்டது. அது அலறியது. நானும் அலறினேன். அது பீய்ச்சியது. நானும்.

அது பறந்து தப்பித்தது. நான் ஓடித் தப்பித்தேன். அன்றிலிருந்து ஜன்னலெல்லாம் சாத்தியே கிடக்கிறது. ஹன்னா வந்து, "என்ன மாமா, ஒரே ஒரு பேண்ட்டு காயுது? மாமி இல்லாம துவைக்கவெல்லாம் கத்துக்கிட்டீங்களா!" என்கிறான். எல்லாம் என் தலையெழுத்து.

உன்,
வதீ

பத்ரூன்,
ஜூலை 24

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பில் அவளுக்குப் பல்செட்டே கழன்று விழுந்தது. நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

பருந்து வந்தாலும் சிள்வண்டு அடங்கும். நீங்கள் எதையும் ஊதிப் பெரிதாக்குகிற ஆள். ஆனாலும் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே வந்துவிடுங்கள். கடலோரம் காற்றாவது வரும். மரத்துக்குக் காவலாக மாதா இருக்கிறாள். உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

தயிர் புளித்திருந்தால் குடிக்காதீர்கள்.

நுஹாத்

கூரா,
ஆகஸ்ட் 2

என் கண்ணே,

பருந்தில்லை. பருந்து போனால் மறுபடி கத்துமே. இது அடங்கினால் அடங்கினதுதான். அந்த மௌனம் கல்சுவரைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. முந்தாநாள் அத்திமரம் வரை. நேற்று கிணற்றடி வரை. நாளை எங்கேயோ. ஜன்னலைத் திறந்து பார்க்கலாம்தான். அங்கிருந்து ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால்?

சிள்வண்டிடமே பாடம் படித்தேன். எல்லாம் சேர்ந்து கத்தினால் எது எங்கே இருக்கிறது என்று எதிரிக்குப் பிடிபடாது. ஆகவே மத்தியானம் ரேடியோவை அலறவிட்டு, வீடு நிறைய ஆள் இருப்பதுபோல் நானே கத்தினேன். "டேய் ஜோர்ஜ், துப்பாக்கிய எங்கடா வச்ச?" "கட்டிலுக்கு அடியில, அண்ணே!" "இன்னொண்ணு?" "அதத் தம்பி வச்சிருக்கான்!"

அப்போது கதவைத் தட்டினார்கள், நுஹாத்.

வந்தது ஹன்னா இல்லை, அவன் ஹாரன்தான் அடிப்பான். ரேடியோவை அணைத்தேன். ஜோர்ஜும் தம்பியும் நானும் ஒரே நொடியில் ஊமையானோம். சாத்திய பக்கத்து ஜன்னலின் இடுக்கில் நிழல் தெரிந்தது. நான் தூணுக்கு இந்தப் பக்கம் வந்தேன். நிழல் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். பிறகு காலடி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. திரும்பி வரவில்லை.

இதைக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் மன்னித்துவிடு.

வதீ

பத்ரூன்,
ஆகஸ்ட் 3

என் வீட்டுக்காரருக்கு,

கதவைத் தட்டியது நான். கையில் பெட்டியும், நீங்கள் விரும்புவீர்களே என்று திராட்சை இலையில் சுருட்டிய சோறும். திரும்பி வந்து உங்களோடு இருந்துவிடலாம் என்று வந்தேன். உள்ளே ஜோர்ஜும் அவன் தம்பியும் ஒரே இருமல் இருமுவதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஜன்னல் இடுக்கு வழியாக, தூணுக்குப் பின்னால் உங்கள் தொப்பையும் தெரிந்தது. இத்தனை வருஷமாக என்னோடு எந்தப் பேச்சு வந்தாலும் அந்தப் பக்கமாகத்தானே ஒதுங்குவீர்கள். இருக்கட்டும் என்று, சமையல்கட்டு வழியாக வந்து பயமுறுத்தலாம் என்றுதான் பின்பக்கம் போனேன்.

அங்கே கண்டதைக் கண்டபின் உங்களைக் கூப்பிடக்கூட நிற்கவில்லை. பெட்டியையும் சட்டியையும் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். உங்களை உள்ளே விட்டுவிட்டு ஓடினேன். அதற்காக என்னைத் திட்டுங்கள், ஆனால் நேரில் வந்து திட்டுங்கள். ஹன்னாவிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் காரை அணைக்காமல் நிற்பான். செருப்புக்கூட மாட்ட வேண்டாம், ஏறிவிடுங்கள்.

மரம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். கிணற்றடியில் ஒரு மரம் பாதி அறுத்தபடி நின்றது. மரம் அறுக்கிற கைவாள் அதிலேயே மாட்டியிருந்தது, வாளுக்குச் சொந்தக்காரனைக் காணோம். சிள்வண்டு போடுகிற கூச்சலில் வாள் இழுக்கிற சத்தம் யாருக்குக் கேட்கும்?

அதற்குக் கீழே, சரிவுவரை, சிள்வண்டு பயந்துபோய் அடங்கவில்லை. அது உட்கார அங்கே ஒரு மரமும் இல்லை.

நுஹாத்